கூட்ஸ் வண்டிக்கும் பேர் இருக்கு: அமெரிக்க சரக்கு ரயில் சிம்பல் படிக்கிறது எப்படி, எங்க நின்னு பாக்கலாம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இல்லினாய்ல நேப்பர்வில்ல இருக்கேன், வீட்டுலேருந்து தண்டவாளம் நடக்குற தூரம்தான். இந்தப் பக்கம் நம்ம ஜனம் நிறைய இருக்குறதால அரோரா பாலாஜி கோயில் பார்க்கிங்லயோ புள்ளைங்க தமிழ் வகுப்பு வாசல்லயோ யாராவது ஒருத்தர் "கேட்டுல பத்து நிமிஷம் நின்னோங்க, அது என்ன அவ்ளோ நீள வண்டி, எங்க போகுது"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. சின்ன வயசுல கேட்டுல நின்னு பெட்டி எண்ணாதவங்க நம்மள்ல யாரு இருக்கா. தனித்தனியா சொன்னதை எல்லாம் சேத்து இங்க எழுதிட்டேன்.

சிம்பல்னா என்ன? வண்டி மேல எங்க எழுதியிருக்கும்?

எங்கயும் எழுதியிருக்காது, முதல்ல எல்லாரும் குழம்புறது இங்கதான். எஞ்சின் மேல இருக்குறது எஞ்சின் நம்பர், வேகன் மேல இருக்குறது வேகன் சொந்தக்காரரோட குறியும் நம்பரும். சிம்பல்ங்கிறது அந்த மொத்த வண்டிக்கும் ரயில் கம்பெனி தன்னோட கணக்குல வெச்சிருக்குற பேர். பாண்டியன் எக்ஸ்பிரஸ்னா 12637ன்னு நமக்குத் தெரியும், டிக்கெட்லயே இருக்கு. கூட்ஸுக்கு டிக்கெட் கிடையாது, அதனால அந்தப் பேர் வெளிய தெரியுறதில்லை, அவ்வளவுதான் விஷயம்.

ஆனா அந்தப் பேருக்குள்ள என்ன சரக்கு, எங்க கிளம்புச்சு, எங்க போகுதுன்னு எல்லாமே இருக்கு. அது தெரிஞ்சா எந்த ஊர்ல போய் நிக்கணும்ங்கிறதும் தெரிஞ்சிடும். அதான் நான் ரெண்டையும் ஒரே விஷயமா சொல்றேன், சிம்பலை மட்டும் மனப்பாடம் பண்ணி பிரயோஜனம் இல்லை.

ஒரு சிம்பலை எடுத்து பிரிச்சு காட்டுங்களேன்?

எங்க வீட்டுப் பக்கம் ஓடுறது பிஎன்எஸ்எஃப் கம்பெனி, அதோட முறைதான் இருக்குறதுலயே படிக்க சுலபம், அதுலயே ஆரம்பிப்போம்.

இசட் – டபிள்யூஎஸ்பி – எஸ்பிடி – 9 – 12. இப்படி ஒண்ணு இருக்குன்னு வெச்சுக்கோங்க. முதல் எழுத்து வண்டியோட வகை, இசட்னா இருக்குறதுலயே அவசரமான வண்டி. அடுத்த மூணு எழுத்து கிளம்புற ஊர், டபிள்யூஎஸ்பின்னா சிகாகோவுக்கு தென்மேற்குல இருக்குற வில்லோ ஸ்பிரிங்ஸ். அதுக்கடுத்த மூணு போய்ச் சேர்ற ஊர், எஸ்பிடின்னா கலிஃபோர்னியாவுல சான் பெர்னார்டினோ. அப்புறம் வர்ற ஒத்தை எண், அதே ரெண்டு ஊருக்கு நடுவுல ஓடுற வேற வண்டிகள்லேருந்து இதைப் பிரிச்சு காட்ட. கடைசி 12ங்கிறது தேதி.

அந்தத் தேதி கிளம்புன தேதி, உங்க ஊரைக் கடக்குற தேதி இல்லை. 12ஆம் தேதி கலிஃபோர்னியாவுல கிளம்புன வண்டி சிகாகோ பக்கம் 14ஆம் தேதி வரலாம், மெதுவான வண்டியா இருந்தா இன்னும் லேட்டாகலாம். புதுசா வர்றவங்க இன்னைக்கு தேதி போட்ட வண்டியையே தேடிட்டு நிப்பாங்க, நானும் ஆரம்பத்துல அப்படித்தான் தேடினேன். இன்னொண்ணு, நிலக்கரி மாதிரி முழு வண்டியும் ஒரே சரக்கா போறதுல அந்தக் கடைசி எண் தேதியே இல்லை, வரிசை எண். 43, 66ன்னு எல்லாம் வரும், 31க்கு மேல பாத்தீங்கன்னா சந்தேகமே வேண்டாம்.

முதல் எழுத்து என்னென்ன இருக்கு?

இசட் சொல்லிட்டேன், யூபிஎஸ் பார்சல் ட்ரெய்லர்களை வரிசையா தூக்கி வெச்சுக்கிட்டு பறக்குற வண்டி, மத்த கூட்ஸ் எல்லாம் இதுக்கு ஒதுங்கி வழி விடும். க்யூவும் கண்டெய்னர் ட்ரெய்லர் வண்டிதான், அவசரத்துல இசட்டுக்கு அடுத்த படி. எஸ்னா துறைமுகத்துலேருந்து வர்ற கப்பல் கண்டெய்னரை ரெண்டடுக்கா ஏத்திக்கிட்டு போற ஸ்டாக் வண்டி.

எம்னா எல்லா ரகமும் கலந்த வண்டி, டேங்கர், மரம் ஏத்துன தட்டு வண்டி, மூடுன பெட்டி, காலி வேகன்னு எதுவேணா இருக்கும், இங்க மேனிஃபெஸ்ட்னு சொல்லுவாங்க. ஹெச்சும் அதேதான், ஆனா வழியில அதிகம் நிக்காம பெரிய யார்டுலேருந்து பெரிய யார்டுக்கு நேரா போறது. எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்த எம்தான், ஒரு வேகன் மாதிரி இன்னொண்ணு இருக்காது, கடைசி பெட்டி வரைக்கும் கண்ணை எடுக்க முடியாது.

சி நிலக்கரி, ஈ நிலக்கரி இறக்கிட்டு திரும்புற காலி. ஜி தானியம், எக்ஸ் தானியம் இறக்குன காலி. வி கார் ஏத்துற வண்டி. யூன்னா எத்தனால், பொட்டாஷ்னு முழுசும் ஒரே சரக்கு. எல்னா உள்ளூர் வண்டி, பக்கத்து ஃபேக்டரிக்கு நாலு வேகனை விட்டுட்டு வர்றது. நிலக்கரியில ஊர் குறிக்கு பதிலா சுரங்கத்தோட குறி இருக்கும், வயோமிங்ல இருக்குற பிளாக் தண்டர் சுரங்கம்னா பிடிஎம்னு ஆரம்பிக்கும், சேர்ற இடத்துல பவர் பிளான்ட்டோட குறி.

எல்லா கம்பெனிக்கும் இதே எழுத்துதானா?

இல்லவே இல்லை, இதுல நிறைய பேர் ஏமாறுவாங்க. யூனியன் பசிஃபிக்ல, சுருக்கமா யூபி, ஊருக்கு மூணு எழுத்து இல்லை, ரெண்டே ரெண்டு. எம்என்பிஆர்வின்னா எம் மேனிஃபெஸ்ட், என்பி நார்த் பிளாட், ஆர்வி ரோஸ்வில். அவங்ககிட்ட க்யூன்னா வேகமான மேனிஃபெஸ்ட், கண்டெய்னர் இல்லை. பிஎன்எஸ்எஃப் க்யூவை மனசுல வெச்சுக்கிட்டு யூபி தண்டவாளத்துல போய் நின்னா வேற வண்டி வந்து நிக்கும். கார் வண்டிக்கு அங்க ஏ, இங்க வி.

கிழக்குப் பக்கம் போனா சிம்பல்ல ஊர் பேரே கிடையாது. சிஎஸ்எக்ஸ்ல ஒரு எழுத்தும் மூணு எண்ணும், முன்னாடி பாதி வண்டிக்கு க்யூன்னே போட்டிருந்தாங்க, இப்ப கண்டெய்னருக்கு ஐ, மேனிஃபெஸ்டுக்கு எம்னு மாத்திட்டாங்க, அதனால பழைய பட்டியலை நம்பாதீங்க. நார்ஃபோக் சதர்ன்ல 21எம், 11ஏ இந்த மாதிரி எண்ணும் எழுத்தும். கனடா கம்பெனி சிஎன்ல எம்397 மாதிரி. இதெல்லாம் பழகப் பழக மனசுல நிக்கும், ஒரு கம்பெனியை முழுசா பிடிச்சுக்கிட்டு அப்புறம் அடுத்ததுக்குப் போங்க.

வண்டி மேல எழுதலைன்னா எனக்கு எப்படி தெரியும்?

ரெண்டு வழி, காதால ஒண்ணு கண்ணால ஒண்ணு.

காதுக்கு ஸ்கேனர். ரயில் ரேடியோ 160, 161 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுது, சாதாரண அனலாக் ஸ்கேனர் போதும், விலை அதிகமான டிஜிட்டல் ரகம் தேவையே இல்லை. எங்க லைனுக்கு 161.100. ஆனா அதுலயும் சிம்பலை அதிகம் சொல்ல மாட்டாங்க, கன்ட்ரோலர் பேசுறப்ப முதல் எஞ்சின் நம்பரையும் திசையையும் சொல்லித்தான் கூப்பிடுவாரு. அதனால நம்பரைக் குறிச்சுக்கோங்க, யார்டுக்குள்ள நுழையுறப்போ கிளம்புறப்போ பேசுறதுல சில சமயம் சிம்பல் வந்து விழும், அப்ப ரெண்டையும் சேத்துக்கலாம்.

இன்னொரு அருமையான விஷயம் தண்டவாளத்தோரம் இருக்குற டிடெக்டர், போற வண்டியில கோளாறு இருக்கான்னு பாக்குற மெஷின். வண்டி கடந்ததும் மெஷின் குரல்ல எந்த மைல், எந்த டிராக், கோளாறு இல்லை, மொத்தம் இத்தனை அச்சுன்னு ரேடியோவுலயே சொல்லும். அச்சுக் கணக்கை வெச்சே வண்டியைக் கண்டுபிடிக்கலாம். எஞ்சினுக்கு பெரும்பாலும் 6 அச்சு, சாதாரண வேகனுக்கு 4. 558ன்னு சொல்லுச்சுன்னா மூணு எஞ்சினுக்கு 18 போக மீதி 540, நாலால வகுத்தா 135 வேகன், அனேகமா நிலக்கரி. வண்டி வர்றதுக்கு முன்னாடியே இதைச் சொன்னா புள்ளைங்க அப்படியே வாயைப் பொளந்து பாக்கும்.

கண்ணுக்கு, எஞ்சின் எப்படி மாட்டியிருக்குன்னு பாருங்க. முன்னாடி ரெண்டு, ஆளே இல்லாம கடைசியில ஒண்ணு தள்ளிக்கிட்டு வந்தா பெரும்பாலும் நிலக்கரி, தானியம் மாதிரி கனமான வண்டி. நிலக்கரி வேகன்ல ஒரு முனை மட்டும் வேற கலர் அடிச்சிருக்கும், அந்தப் பக்கத்து கப்ளிங் சுத்தும், வேகனைக் கழட்டாமலே தலைகீழா கவுத்து கொட்டுறதுக்கு அப்படி. கப்பல் கண்டெய்னரே வரிசையா வந்தா எஸ், யூபிஎஸ் ட்ரெய்லர் முன்னாடியே கூட்டமா வந்தா இசட். ஒரு மாசம் பாத்தீங்கன்னா நூறு அடி வர்றப்பவே சொல்லிடுவீங்க.

வேகன் மேல இருக்குற எழுத்துக்கு என்ன அர்த்தம்?

அது சொந்தக்காரரோட குறி. கடைசி எழுத்து எக்ஸ்னு முடிஞ்சா ரயில் கம்பெனியோடது இல்லை, வேற யாரோடதோ, யூடிஎல்எக்ஸ், ஜிஏடிஎக்ஸ் எல்லாம் வாடகைக்கு விடுற கம்பெனிங்க. யூன்னு முடிஞ்சா கண்டெய்னர், இசட்னு முடிஞ்சா ட்ரெய்லர். சிம்பல்ல வர்ற எக்ஸ், யூ, இசட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை, ரெண்டையும் கலந்துக்காதீங்க.

டேங்கர்ல சாய்சதுர பலகையில நாலு எண் இருக்கும். 1267 கச்சா எண்ணெய், 1987 எத்தனால், 1075 எல்பிஜி, 1017 குளோரின். அடுத்தடுத்து எல்லா டேங்கர்லயும் 1987ன்னு வந்துட்டே இருந்தா அது யூ வண்டி. நம்மூர்ல வேகன்லயே பாக்ஸ்என், பிசிஎன், பிடிபிஎன்னு எழுதியிருக்கும்ல, அதுல வேகனோட வகை தெரியும். இங்க எழுத்து யாரோடதுன்னுதான் சொல்லும், வகையை உருவத்தைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்.

எத்தனை மணிக்கு வரும்னு தெரிஞ்சுக்க முடியுமா?

கூட்ஸுக்கு நம்ம கையில கிடைக்குற டைம்டேபிள் கிடையாது. ஆனா சில விஷயம் தெரிஞ்சா காத்திருக்குற நேரம் குறையும். எங்க லைன்ல காலையிலயும் சாயங்காலமும் ஆபீஸ் கூட்டத்துக்கு மெட்ரா லோக்கல் வரிசையா ஓடும், அந்த நேரத்துல கூட்ஸை பெரும்பாலும் விட மாட்டாங்க. காலையில கூட்டம் குறைஞ்ச கையோட போனீங்கன்னா அதுவரைக்கும் நிறுத்தி வெச்சதெல்லாம் ஒண்ணு பின்னாடி ஒண்ணு வரும், எனக்கு ரொம்ப ராசியான நேரம் அதுதான். நவம்பர் கடைசியிலேருந்து கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்சல் குவியும், அப்ப இசட் வண்டி அதிகம் பாக்கலாம்.

ஒரு வண்டி நடுவழியில மணிக்கணக்கா நின்னா உடனே ஆக்ஸிடென்ட்னு நினைக்காதீங்க. ஓட்டுறவங்க 12 மணி நேரத்துக்கு மேல வேலை செய்யக் கூடாதுன்னு சட்டம், நேரம் முடிஞ்சா அங்கேயே நிறுத்திட்டு வேற ஆளு வேன்ல வர்ற வரைக்கும் நிக்கும்.

சிகாகோ சுத்துல எங்க போய் பாக்கலாம்?

இதுக்கு சிம்பலை வெச்சுத்தான் பதில் சொல்லணும். பிஎன்எஸ்எஃப்ங்கிறதே 1995ல பர்லிங்டன் நார்தர்னும் சாண்டா ஃபேயும் சேந்து உருவானது, அதனால சிகாகோவுலேருந்து அதுக்கு ரெண்டு தனித்தனி பாதை இருக்கு. வில்லோ ஸ்பிரிங்ஸ், எல்வுட்ல இருக்குற லாஜிஸ்டிக்ஸ் பார்க்ங்கிற கண்டெய்னர் யார்டு (குறி எல்பிசி) இதெல்லாம் சாண்டா ஃபே பாதை, கலிஃபோர்னியா போற கண்டெய்னர் எல்லாம் அந்த வழி. நான் நேப்பர்வில் ஸ்டேஷன்ல எத்தனை நாள் நின்னாலும் டபிள்யூஎஸ்பி, எல்பிசின்னு ஆரம்பிக்குற வண்டி எங்க பக்கம் அனேகமா வரப் போறதில்லை, அதுக்கு ஜோலியட் பக்கம் போகணும். ரொம்ப நாள் இது தெரியாம இங்கயே நின்னு ஏமாந்திருக்கேன்.

நேப்பர்வில், லா கிரேஞ்ச் வழியா ஓடுறது பழைய பர்லிங்டன் பாதை. சிகாகோவுலேருந்து அரோரா வரைக்கும் ஏறக்குறைய 38 மைல், மூணு டிராக், ரேஸ்ட்ராக்னே பட்டப்பேர். மெட்ரா, ஆம்ட்ராக்கோட தொலைதூர பாசஞ்சர் வண்டிகளான கலிஃபோர்னியா செஃபிர், சவுத்வெஸ்ட் சீஃப் எல்லாம் இதுலதான், அதனால கூட்ஸ் வரலைன்னாலும் சும்மா உக்காந்திருக்க வேண்டியதில்லை. லா கிரேஞ்ச்ல ஸ்டேஷனை ஒட்டியே கடை, ஹோட்டல், ஐஸ்கிரீம் எல்லாம் இருக்கு, ரயில் பிடிக்காதவங்களையும் கூட்டிட்டுப் போகலாம், எங்க வீட்டுல சண்டை வராத ஒரே இடம் அது.

அரோராவுல பாதை ரெண்டா பிரியுது, ஒண்ணு கேல்ஸ்பர்க் போகுது, இன்னொண்ணு வடமேற்கா சவானா போகுது. சியாட்டில் போற இசட் வண்டி, அதாவது முடிவுல எஸ்எஸ்ஈன்னு இருக்குறது, ரெண்டாவது பாதை. வயோமிங் நிலக்கரி கேல்ஸ்பர்க் பாதையில வருது. இதை மனசுல வெச்சுக்கிட்டா எந்தப் பக்கம் காரைத் திருப்பணும்னு தெரியும்.

அந்த சவானா பாதையிலதான் ரோஷெல் இருக்கு. ஒரே ஒரு இடம்தான் போக முடியும்னா ரோஷெல்தான் போங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன். பிஎன்எஸ்எஃப்போட ரெட்டை டிராக்கும் யூனியன் பசிஃபிக்கோட ரெட்டை டிராக்கும் ஒண்ணை ஒண்ணு குறுக்க வெட்டிக்கிட்டு போகுது, சக்கரம் அந்தக் குறுக்குல ஏறி இறங்குற சத்தம் நெஞ்சுல வந்து இடிக்கும். அங்கேயே ஊர்க்காரங்க ரயில் ரசிகர்களுக்காக பார்க் கட்டி 1998ல திறந்தாங்க, கூரை போட்ட மேடை, பெஞ்சு, ரேடியோ பேச்சு கேக்க ஸ்பீக்கர், பாத்ரூம் எல்லாம் இருக்கு, உள்ள போக காசு கிடையாது. பிஎன்எஸ்எஃப்போட ஆரஞ்சு எஞ்சின் ஒரு பக்கம் காத்து நிக்க யூபியோட மஞ்ச எஞ்சின் இன்னொரு பக்கம் வெட்டிக்கிட்டு போறதை அங்கதான் முதல்ல பாத்தேன். பழைய வீடியோவைப் பாத்துட்டு அங்க யூபி கண்டெய்னர் யார்டு இருக்கும்னு போகாதீங்க, அந்த குளோபல் 3ஐ 2019ல மூடிட்டாங்க. ஐ-88ல நேப்பர்வில்லேருந்து ஒரு மணி நேரம், மதியத்துக்கு தயிர் சாதம் கட்டிக்கிட்டு போறதுதான் எங்க வழக்கம்.

தெற்குப் பக்கம் ஹோம்வுட்ல சிஎன் வண்டிகளைப் பாக்க தனியா மேடை போட்டிருக்காங்க. கேல்ஸ்பர்க் ஒரு நாள் பயணம், ரெண்டு பழைய பாதையும் சேர்ற ஊர், பெரிய யார்டு, ஜூன் மாசம் ரயில்ரோட் டேஸ்னு திருவிழா. இன்னும் கொஞ்சம் மேற்க போனா அயோவாவுல ஃபோர்ட் மேடிசன், மிசிசிப்பி மேல 1927ல கட்டுன ரெட்டை அடுக்குப் பாலம், மேல கார், கீழ ரயில், படகு வந்தா நடுப்பகுதி சுத்தித் திறக்கும்.

தூரமா டூர் போறப்ப எங்க எட்டிப் பாக்கலாம்?

கலிஃபோர்னியாவுல சொந்தக்காரங்க இருந்தா டெஹாச்சபி லூப். 1876ல போட்டது, 3,779 அடி நீளத்துல ஒரு முழு வட்டம், அதுக்குள்ள 77 அடி உயரம் ஏறிடும். 4,000 அடிக்கு மேல நீளமான வண்டின்னா தன் வாலுக்கு மேலயே தான் போகும், படத்துல பாத்தா நம்பவே முடியாது, நேர்ல பாருங்க. தண்டவாளம் யூபியோடது, பிஎன்எஸ்எஃப்பும் அதுல ஓட்டுது, அதனால ரெண்டு விதமான சிம்பலும் ஒரே இடத்துல. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல கஜோன் கணவாய் இன்னும் சுலபம், ஐ-15 ரோட்டை ஒட்டியே ஓடுது, வில்லோ ஸ்பிரிங்ஸ்ல கிளம்புன அந்த இசட் வண்டி சான் பெர்னார்டினோவுக்கு இறங்குறது இங்கதான்.

பென்சில்வேனியாவுல அல்டூனா பக்கத்துல ஹார்ஸ்ஷூ வளைவு, 1854லேருந்து ஓடுது, மேட்டுல பின்னாடி எஞ்சின் தள்ளிக்கிட்டு ஏறும். நெப்ராஸ்காவுல நார்த் பிளாட், உலகத்துலயே பெரிய ரயில் யார்டு, 2,850 ஏக்கர், கோபுரத்து மேலேருந்து பாக்கலாம். ஃப்ளோரிடா போற வழியில ஜார்ஜியாவுல ஃபோக்ஸ்டன், அங்கயும் ரோஷெல் மாதிரி மேடை இருக்கு.

போலீஸ் பிரச்சினை வருமா? குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போகலாமா?

தாராளமா போகலாம், ஆனா தண்டவாளமும் அதோட ரெண்டு பக்கத்து இடமும் கம்பெனியோட சொந்த சொத்து, அதுல கால் வெச்சாலே குற்றம். நம்மூர்ல தண்டவாளத்துல குறுக்க நடந்து பழகுனவங்க இங்க அதைச் செய்யவே கூடாது. ஸ்டேஷன் பிளாட்ஃபார்ம், பொது ரோடு, பாலத்து நடைபாதை, பார்க், இங்க எல்லாம் நின்னு படம் எடுக்குறதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. ஒரு தடவை ஒரு ஊர்ல நான் கேட்டுக்குப் பக்கத்துல ரோட்டோரமா நின்னுட்டிருந்தேன், ரயில்வே போலீஸ் வண்டி ஒண்ணு வந்து நின்னுச்சு, என்ன பண்றீங்கன்னு கேட்டாரு, ரயில் பாக்குறேன்னு காமிராவைக் காட்டினேன், கல்லு போட்ட பக்கம் போகாதீங்கன்னு சொல்லிட்டு போயிட்டாரு. பயப்படாம நேரா பேசுங்க.

எதுல நின்னாலும் தண்டவாளத்துலேருந்து 25 அடி தள்ளி. வேகன்லேருந்து பட்டை, கம்பி தொங்கிக்கிட்டு வரலாம். மூணு டிராக் இருக்குற இடத்துல ஒரு வண்டி போனதும் ஓடிடாதீங்க, மறைவுல இன்னொண்ணு எதிர்ல வந்துட்டிருக்கும், குழந்தைங்க கையை விடவே விடாதீங்க. ஒவ்வொரு கேட்லயும் நீல கலர் பலகையில போன் நம்பரும் அந்த கேட்டோட எண்ணும் இருக்கும், தண்டவாளத்துல கார் மாட்டிக்கிட்டா எல்லாரையும் இறக்கி தள்ளி நிக்க வெச்சுட்டு அந்த நம்பருக்குத்தான் முதல்ல அடிக்கணும். இதை ரயில் பாக்காதவங்களும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

ஸ்கேனர் கேக்குறது தப்பில்லை, திருப்பிப் பேசுறதுதான் தப்பு, அதனால பேச வசதி இருக்குற வாக்கி டாக்கி வேண்டாம், கேக்க மட்டும் முடியுற ஸ்கேனர் வாங்குங்க. நியூயார்க், இண்டியானா மாதிரி சில மாநிலத்துல காருக்குள்ள ஸ்கேனர் வெக்க கட்டுப்பாடு இருக்கு, ரோஷெல்லுக்கு பிரச்சினை இல்லை, எல்லை தாண்டுறப்ப பாத்துக்கோங்க.

போட்டோ எடுக்க எந்தப் பக்கம் நிக்கணும்?

எங்க லைன் கிழக்கு மேற்கா ஓடுது, இங்க சூரியன் தெற்கு வானத்துலதான் போகும், குளிர்காலத்துல ரொம்பவே கீழ. அதனால தண்டவாளத்துக்கு தெக்க நின்னுக்கோங்க, வெளிச்சம் வண்டி மேல விழும். காலையில கிழக்க போற வண்டியோட முகத்துல வெயில் இருக்கும், சாயங்காலம் மேற்க போறதுக்கு. முதல் எஞ்சின் நம்பர் தெளிவா விழுற மாதிரி ஒரு படம் கண்டிப்பா எடுத்துடுங்க, அன்னைக்கு ராத்திரி ரேடியோவுல கேட்டதோட ஒப்பிட்டு சிம்பலைக் கண்டுபிடிக்க அந்த நம்பர்தான் வேணும். நான் சின்ன நோட்டுல நேரம், எஞ்சின் நம்பர், திசை, அச்சுக் கணக்கு நாலையும் எழுதிடுவேன், சிம்பலுக்கு ஒரு கட்டம் காலியா விட்டு வெச்சிருப்பேன், சிலது அன்னைக்கே நிரம்பும், சிலது அடுத்த வாரம் அதே வண்டி அதே நேரத்துக்கு திரும்ப வர்றப்ப நிரம்பும்.